விளக்கு வைக்கிற நேரம்

கிளாஸ்கோவில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிடும். அதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. இத்தனை வருஷமாகியும் எனக்கு மட்டும் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

எங்கள் தக்கலைப் பக்கத்தில் அந்திக்கு ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்று பெயர். திரி போடுவதில் தொடங்கி, சுடர் ஆடாமல் நின்று எரியும்வரை அந்த நேரம். அப்போது வீட்டில் யாரும் தூங்கக்கூடாது. அச்சானியமாக எதையும் வாயில் எடுக்கக்கூடாது. நோய், சாவு, சண்டை எல்லாம் வாசலில் காத்திருக்கும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது, அந்த நேரம் பார்த்தே மதிப்பெண் அட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அடி விழாமல் இல்லை. சுடர் நின்றபிறகு விழுந்தது.

இங்கே என் மதியச் சாப்பாட்டு வேளையும் அங்கே விளக்கு வைக்கிற நேரமும் ஒன்று. தினமும் அப்போதுதான் அக்காவை அழைப்பேன். உடன் வேலை பார்க்கும் இயனிடம் காரணம் சொன்னபோது, “தினமும் கரண்ட் போய்விடுமா?” என்று வருத்தப்பட்டான். அந்த வார்த்தையைப் பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். மறுநாள் ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒரு பாட்டரி விளக்கு வாங்கிவந்தான்.

போனில் அக்காவின் குரலுக்குப் பின்னால் எப்போதும் அத்தானின் குரல் கேட்கும். “ஏட்டி, சீமைக்காரனா? பனியில மூக்கு இருக்கா, உதுந்து போச்சான்னு கேளு!”

போன மழைக்காலத்தில் அந்தக் குரல் கேட்கவில்லை.

“அத்தான் எங்கக்கா?”

“தூங்குதாவ, மக்கா.”

“சொகந்தானே?”

“எல்லாம் சொகந்தான். நீ தின்னியா?”

மறுநாளும் தூங்கினார். அடுத்த வாரமும் தூங்கினார். உழைத்த மனுஷன், தூங்கட்டும் என்று சாண்ட்விச்சைக் கடித்தேன்.

பிறகு ஒருநாள் அக்கா விடியற்காலையில் அழைத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள்.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல்ல?”

“நீ விளிக்கதே அந்த நேரத்துலதானே மக்கா, எப்பிடிச் சொல்லுவேன்? நானா விளிச்சா நீ வேலையில பதறுவேன்னு அவிய விடல்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வெளக்கு வைக்க நேரத்துல தூங்குதாவன்னு சொன்னேன்லா. ஒனக்கு வெளங்கும்னு நெனச்சேன். இன்னைக்குப் பொறப்பட்டிருப்பான், நாளைக்கு வந்திருவான்னு அவியளும் வாசலப் பாத்துட்டே கெடந்தாவ.”

இயனுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

இப்போது அக்காவைக் காலையில் அழைக்கிறேன். முட்டுவலி முதல் கூரை ஒழுகுவதுவரை எல்லாம் சொல்கிறாள். மாலையில் பஸ் நிறுத்தத்தில் இயன், “எப்படி இருக்கிறாய்? ஊரில் என்ன ஆயிற்று?” என்று கேட்கிறான். சரியாக அந்நேரம் தலைக்கு மேலே தெருவிளக்கு கண்சிமிட்டத் தொடங்குகிறது. “எல்லாம் நலம்” என்கிறேன். சுடர் நிற்கட்டும், சொல்லிவிடலாம் என்று அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறேன். அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிடுகிறது.