கொள்ளிடத்தில் நான் நட்ட எல்லை

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஓடுகிற பெல்ட்டைத் தாண்டாதே, மெஷின் பக்கத்தில் தொளதொள சட்டை போடாதே என்று அங்கே எழுதி மாட்டியிருந்ததையெல்லாம் சாப்பிடும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருப்பார். அதையே கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் ‘இதில் கை மாட்டினால் என்ன ஆகும்’ என்றுதான் என் புத்தி முதலில் போகும். அப்படிப்பட்டவளை ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் மீன் பிடிக்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஐம்பதுகளின் கடைசியில் நடந்த கல்யாணம் அது.

என் வீட்டுக்காரர் கயிற்றுத் தூண்டில் போடுகிறவர். ஆற்றுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கயிறு. அதிலிருந்து கைநீளத்துக்கு ஒன்றாகச் சின்னக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள், முள்ளில் மண்புழுவோ கோழிக்குடலோ. ஒரு முனையைக் கரையில் முளையடித்துக் கட்டிவிட்டு, மறுமுனையில் கல்லைக் கட்டி பரிசலில் கொண்டுபோய் இறக்குவார். கயிறு இருக்கும் இடம் தெரிய ஒரு சுரைக்குடுக்கை மிதக்கும். பொழுது சாயும் நேரத்தில் போட்டால் விடிகிறபோது கெளுத்தி கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் வாளை கிடக்கும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோதே என் புத்தி அந்த முட்களிடம்தான் போனது. கயிற்றை இழுக்கிறவர் கையில் ஒரு முள் ஏறி, அடுத்த முள்ளில் பெரிய மீன் துள்ளினால், ஆளையே தண்ணீருக்குள் இழுத்துவிடும். இடுப்பில் கத்தி கட்டாமல் பரிசலில் ஏறக்கூடாது, கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது, தனியாகப் போகக்கூடாது என்று நான் மூன்று சட்டம் போட்டேன். அவர் சிரித்தார். “ஏன் புள்ள, உங்க அப்பாரு ஒர்க்‌ஷாப்ப இங்க தூக்கிட்டு வந்துட்டியா?” என்றார். ஆனால் அந்த மழைக்காலத்திலேயே ஒரு நாள் முள் அவர் உள்ளங்கையில் ஏறி, நான் கத்தியோடு பரிசலுக்குள் இருந்ததால் கயிற்றை அறுத்து ஆளைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு கத்தியை அவராகவே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார். நானும் அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கவில்லை.

அந்தப் பகுதி ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஸ்ரீரங்கத்து நெல் மண்டிக்காரர் ஒருவர். அவர் சொன்னால்தான் நாங்கள் ஆற்றில் இறங்கலாம். அவருக்கும் சட்டங்கள் உண்டு. சூரியன் கிளம்புவதற்குள் தூண்டிலை எடுத்துவிட வேண்டும். படித்துறைக் கல்லிலிருந்து கிழக்கே கருவேலமரம் வரை ஒருத்தரும் தூண்டில் போடக்கூடாது, அது ஜனங்கள் குளிக்கிற இடம். மீறினால் அந்த வருஷம் முழுக்க ஆற்றுப் பக்கம் வரக்கூடாது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கல்யாணமாகி மூன்றாவது மாசியில் அது நடந்தது. கோயில் கைங்கரியத்தில் இருந்த பெரியவர் ஒருவர், விடிவதற்கு முன்னால் கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி, குதிகாலில் தூண்டில் முள் ஏறி விழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் தூக்கி எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முள் எங்களுடையது. கயிற்றைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே மண்டிக்காரர் ஆள் அனுப்பி எங்கள் கயிற்றைப் பறித்துக்கொண்டார். அந்த வருஷத்துக்கு ஆறு எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வேறு தொழில் தெரியாது. மண்டியில் மூட்டை தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றைவிட அவருக்கு வலித்தது வேறு. கருவேலமரத்தைத் தாண்டித்தான் முளை அடித்தேன் என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஆட்களே நம்பவில்லை. ‘குளிக்கிற எடத்துல முள் கெடந்துதே, பேராசை’ என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முளை அடித்தபோது கூட நின்றவள் நான். மரம் எங்களுக்கு மேற்கே நன்றாகத் தள்ளி நின்றது.

பெரியவர் கால் கொஞ்சம் தேறியதும் கரையில் விசாரணை வைத்தார்கள். மண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலில் கட்டுடன் பெரியவரும் வந்திருந்தார்.

“ஸ்வாமி, நீங்க எங்க குளிச்சீங்க?” என்று மண்டிக்காரர் கேட்டார்.

“எல்லாரும் ஸ்நானம் பண்ற எடத்துலதான். புதுசா எங்கயும் போகலை. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போறது?”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மண்டிக்காரர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “என்னய்யா சொல்ற?”

“மரத்துக்குக் கெழக்கதாங்க போட்டேன். சத்தியமுங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன், பெரியவர் முகத்தையும் பார்த்தேன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அப்படியானால் தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். திரும்பிப் படித்துறையைப் பார்த்தேன். கடைசிப் படிக்குக் கீழே காய்ந்த மணல் கிடந்தது. ஒரு ஆடு அங்கே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கொள்ளிடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் கரை முட்டும். வடிந்தால் அவ்வளவு அகலமும் மணலாகி, ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடும். எந்த ஓரம் என்பது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மாறும். அந்த வருஷ வெள்ளத்துக்குப் பிறகு படித்துறைக்கு நேரே முழங்கால் தண்ணீர்கூட இல்லை. நாங்கள் தினமும் அந்த ஆற்றில்தான் கிடந்தோம். ஆனாலும் சட்டம் என்றதும் எல்லோரும் கல்லையும் மரத்தையும்தான் பார்த்தோம், நான் உட்பட.

“ஐயா, படித்துறையில தண்ணி எங்கங்க இருக்கு?” என்று கேட்டேன்.

பொம்பளை நடுவில் பேசியது பலருக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரரே “சும்மா இரு” என்றார். நான் இருக்கவில்லை. “ஜனங்க குளிக்கப் போற தடம் மணல்ல இருக்குங்க. அது பின்னாடி நடந்து பாத்துட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க. மரத்துக்கு இந்தப் பக்கமே அது நின்னுச்சுன்னா நாங்க ஊரவிட்டே போயிடறோம்” என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பந்தயம் கட்டிவிட்டேன் என்று உறைத்தது.

வெயில் ஏறியிருந்தது. மண்டிக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி இறங்கினார். நான் முன்னால் நடந்தேன். படியிலிருந்து கிளம்பிய காலடித்தடம் நேரே வடக்கே போகாமல் கிழக்கே சாய்ந்து போனது. கருவேலமரத்தின் நிழலைத் தாண்டியது. அதற்கப்புறமும் போனது. கடைசியில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிற ஒரு மடுவுக்கு வந்து நின்றோம். கரையில் மஞ்சள் உரசிய கல் இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நாலெட்டுத் தூரத்தில் எங்கள் முளை அடித்த குழி தெரிந்தது.

பெரியவரை மண்டிக்காரரின் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். “இதே எடம்தான். இந்தக் கல்லண்டைதான் நான் எறங்கினேன்” என்றார்.

மண்டிக்காரர் திரும்பி மரத்தைப் பார்த்தார். அது எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்றது. “யாரும் சட்டத்த மீறல போலருக்கே” என்று மெல்லச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு என் வீட்டுக்காரர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, சிரித்துவிட்டேன்.

மண்டிக்காரர் விடுவாரா? “சரி, இனிமே கெழக்க தெரியுற அந்தப் புளியமரம் வரைக்கும் தூண்டில் கூடாதுன்னு வெச்சுக்கலாம்” என்றார்.

“மரம் அங்கயேதாங்க நிக்கும், தண்ணி நிக்காதுங்க” என்றேன். வாய் திறந்தாகிவிட்டது, இனிமேல் மூடி என்ன. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும் என்றேன். குளிக்கிற மடுவுக்கு இரண்டு பக்கமும் தள்ளித்தள்ளி மூங்கில் நட்டு வெள்ளைத்துணி கட்டலாம். மூங்கிலுக்கு உள்ளே தூண்டில் இல்லை, வெளியே ஒருத்தரும் குளிக்கக் கூடாது. தண்ணீர் இடம் மாறினால் மூங்கிலும் மாற வேண்டும். சுரைக்குடுக்கைக்குச் சுண்ணாம்பு அடித்தால் இருட்டிலும் தெரியும். அத்தனையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“யாரு தினமும் வந்து மூங்கில் நடுறது? எங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்றார் எங்கள் ஆட்களில் ஒருவர்.

“நான் நடுறேன்” என்றேன்.

அவர் தலையாட்டிச் சிரித்தார். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. கயிற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆளை அனுப்பினார்.

அன்று சாயந்திரமே மூங்கில் வெட்டி வந்தோம். என் பழைய வெள்ளைப் பாவாடை ஒன்று துணிக்குப் போனது. நான் ஆழம் பார்த்துப் பார்த்து நட்டேன், அவர் கல் வைத்து இறுக்கினார். கரையில் நின்றவர்கள் “கலெக்டரம்மா, இன்னும் கொஞ்சம் தள்ளி நடுங்க” என்று கேலி செய்தார்கள். கலெக்டர் என்றே கூப்பிடட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மறுநாள் கயிறு கனத்துப்போய் வந்தது. நன்றாகக் கொழுத்த கெளுத்திகள், அவற்றுக்கு நடுவே என் கை நீளத்துக்கு ஒரு வாளை. துடுப்பு முள் குத்தாமல் கெளுத்தியைக் கழற்றுவதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னேன்.

ஆடியில் மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஒரே இரவில் மடு இன்னும் கிழக்கே நகர்ந்துவிட்டது. விடியும் முன்பே போய் மூங்கில்களைப் பிடுங்கி, புது இடத்தில் ஒன்றை நட்டு, அடுத்ததைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். கரையில் அந்தப் பெரியவர் வந்தார். கால் நன்றாக ஆறியிருந்தது. பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், தோளில் துண்டும் கையில் செம்புமாக வரிசையாக வந்தார்கள். எல்லோரும் தண்ணீருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். ஒருவரும் கால் வைக்கவில்லை.

“இன்னிக்கு எந்தப் பக்கம் எறங்கணும், சொல்லும்மா” என்றார் பெரியவர்.

நான் தோளிலிருந்த மூங்கிலை மணலில் குத்தி நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினேன். அத்தனை பேரும் நான் காட்டிய பக்கம் நடந்து போய் ஆற்றில் இறங்கினார்கள்.