பத்தியத் தோட்டா

1. மெடலுக்கு வந்தவர்

அரியலூர் பல் டாக்டர் செல்வராணி எங்கள் துப்பாக்கி கிளப்பில் சேர்ந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "பாய், எந்தப் பிரிவுல ஆளே இல்ல?"

"பெரிய ரிவால்வர்ல ரெண்டே பேருதான் வருவாங்க, டாக்டரம்மா."

"அப்ப நான் மூணாவது. மெடலும் மூணு. அதுலயே எம் பேரப் போட்டுடுங்க."

விளையாட்டு உணர்ச்சி என்பார்களே, அதை இவ்வளவு வெளிப்படையாக நான் எங்கும் பார்த்ததில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. எங்கள் ஊரில் வளைகுடா போனவர்கள் கடை வைத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், சமைத்தார்கள். நான் மட்டும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் ஒர்க்‌ஷாப்பில் தோட்டா கட்டினேன். சுட்டு முடித்த வெற்றுப் பித்தளைக் கேஸை எடுத்துக் கழுவி, அடியில் பொறி தட்டிப் பவுடரைப் பற்றவைக்கும் புது பிரைமர் வைத்து, உள்ளே பவுடர் போட்டு, வாயில் புல்லட்டை அமுக்கி மறுபடி தோட்டாவாக்குவதுதான் வேலை. ஊரில் கேட்டால் "பார்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்?

அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்குப் பெரிய ரிவால்வரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அது உதைக்கக் கூடாது. முழுச் சார்ஜ் போட்டால் துப்பாக்கி துள்ளி நெற்றியில் இடிக்கும். ஆகவே பவுடரைக் குறைத்துச் சாதுவான தோட்டா கட்டிக் கொடுப்போம். காரம், புளிப்பு, உப்பு எல்லாம் குறைத்த சாப்பாடு போல. நான் அதற்குப் பத்தியத் தோட்டா என்று பெயர் வைத்தேன். அங்கிருந்த மலையாளிகள் வரை அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள்.

திரும்பி வந்த பிறகு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் நடந்த இந்த கிளப்பில் சேர்ந்தேன். தோட்டா கட்ட கிளப்புக்கு அனுமதி இருந்தது. அதற்கான காகிதங்களை அடுக்கினால் துப்பாக்கியை விடக் கனம்.

டாக்டரம்மாவின் ரிவால்வர் நாற்பத்துநாலு போர், அதாவது அகலமான குழல். நல்ல ஆட்டுக்கால் கனம். முதல் நாள் முழுச் சார்ஜில் ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டு அதை மெதுவாக மேசையில் வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நாளைக்கு எனக்கு மூணு கடவாப் பல்லு பிடுங்கணும். இந்தக் கைதான் எனக்குச் சோறு. இது உதைக்காம ஏதாவது செய்ய முடியுமா?"

"பத்தியம் போட்டுடலாம்" என்றேன்.

2. தங்கராசுவின் வாய்

கிளப் செயலாளர் தங்கராசு ஆலத்தியூர்ப் பக்கம் சுரங்கத்தில் வெடி வைக்கும் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுக்கத்தல்தான் அவருக்கு ரகசியம் பேசுவது. பத்தியத் தோட்டாவைக் கண்டாலே அவருக்கு எரியும்.

"ஏம் பாய், இது துப்பாக்கியா கொட்டாவியா? சத்தமே காணும்!"

அதை விட மோசம் அவர் எண்ணுவது. யார் சுட்டாலும் பின்னால் நின்றுகொண்டு, எதிரே மண்மேட்டில் புழுதி எழும்ப எழும்ப, "ஒண்ணு... ரெண்டு..." என்று கத்துவார். குறி பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? நானே கமிட்டியில் புகார் சொன்னேன். அவர் எழுந்து நின்று பதில் சொன்னார்: "பத்து தமர் போட்டு வெடி வெச்சா பத்து எழும்பணும். ஒம்போதுதான் எழும்புச்சுன்னா ஒண்ணு உள்ள தூங்குது. அது தெரியாம போய்க் கை வெச்சவன் எவனும் திரும்பி வரல. நான் எண்ணுவேன். உனக்குப் புடிக்கலன்னா காதுல பஞ்சு வெச்சுக்க." தமர் என்றால் பாறையில் வெடி வைக்கப் போடும் துளை. கமிட்டியில் பாதிப் பேர் சுரங்கத்து ஆட்கள். தீர்மானம் என் மூஞ்சியில் விழுந்தது.

3. பல்வரிசை

கொஞ்ச நாளில் டாக்டரம்மா, "நானே கட்டிக்கிறேன் பாய், கத்துக்குடுங்க" என்றார். யோசித்தேன். அவர் யோசிக்கவில்லை. "தெனம் எத்தன பல்லு அடைக்கிறேன், இத அடைக்கத் தெரியாதா?"

உண்மையிலேயே நன்றாகச் செய்தார். வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியும், தலையில் மாட்டும் விளக்கும் கொண்டுவந்தார். கேஸ்கள் நிற்கும் மரத் தட்டில் பன்னிரண்டு குழிகள் ஒரே வரிசையில் இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் பல்வரிசை. "இந்தப் பல்லுல கறை இருக்கு பாய்" என்று ஒரு கேஸை எடுத்து நீட்டுவார்.

இந்த வேலையில் பயப்பட வேண்டியது முழுச் சார்ஜுக்கு அல்ல, பத்தியத்துக்குத்தான். பெரிய அண்டாவில் ஒரு டம்ளர் ரசம் கிடப்பது போலப் பவுடர் அடியில் கிடக்கும். தப்பித் தவறி இன்னொரு டம்ளர் ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. போடவே மறந்தாலும் தெரியாது. முடிந்த தோட்டாவை நிறுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். புல்லட்டே ஒன்றுக்கொன்று எடையில் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தாழ்வில் ஒரு சிட்டிகைப் பவுடரை எங்கே தேடுவது? அதனால் புல்லட் வைப்பதற்கு முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வரத் தாமதம். நானே பவுடர் போட ஆரம்பித்தேன். மூன்று போட்டிருப்பேன், அவர் வந்துவிட்டார். எனக்கு லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"வலது பக்கம் மூணு பவுடர் போட்டாச்சு டாக்டரம்மா. மிச்சத்த நீங்க பாருங்க, தொழுதுட்டு வந்துடுறேன்."

"போயிட்டு வாங்க பாய்."

திரும்பி வந்தபோது பன்னிரண்டும் புல்லட் வைத்து, துடைத்து, பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. "எல்லாத்தையும் வெளக்கடிச்சுப் பாத்தீங்களா?" என்றேன். "நான் போட்டது எல்லாத்தையும் பாத்தேன்" என்றார். அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருந்தது. என் காதில் அது விழவில்லை.

4. எழும்பாத மண்

டாக்டரம்மா பெட்டியிலிருந்து ஆறு தோட்டாக்களை எடுத்து ரிவால்வரில் நிரப்பினார். நின்றார். சுட்டார். டுப். மண்மேட்டில் புழுதி. பின்னால் தங்கராசு, "ஒண்ணு."

இரண்டாவது. டொப். பத்தியத் தோட்டாவுக்கு எப்போதும் சத்தம் அவ்வளவுதான் என்று நான் பேசாமல் இருந்தேன். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கட்டைவிரலால் ஹேமரை இழுத்து மூன்றாவதற்குத் தயாராகிவிட்டார்.

தங்கராசுவின் விசில் குழி முழுக்கக் கேட்டது.

"விரல எடும்மா! விரல வெளிய எடு!"

டாக்டரம்மா விரலை எடுத்தார். ஹேமரை மெதுவாக இறக்கி, ரிவால்வரைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "என்னங்க உங்களோட ரோதன? சத்தந்தான் வந்துச்சுல்ல?"

"சத்தம் வந்துச்சு. மண்ணு எழும்பல."

தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழல் வழியாக நான் வெளிச்சத்தைப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. இரண்டாவது தோட்டாவில் பவுடரே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்து, புல்லட்டைப் பாதிக் குழல் வரை தள்ளிவிட்டு ஓய்ந்திருந்தது. அதன் பின்னால் அடுத்த குண்டு போயிருந்தால் குழல் பிளந்திருக்கும். எங்கள் தொழிலில் கண்ணும் விரலும் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

டாக்டரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பவுடர் இல்லாதது எப்படி வந்துச்சு?" என்றார் தங்கராசு.

"நான் போட்டது எல்லாத்துலயும் இருந்துச்சு. கண்ணால பாத்தேன்" என்றார் டாக்டரம்மா. "பாய் போட்டதத்தான் பாக்கல. பெரியவர் செஞ்ச வேலைய நாம சோதிக்கிறதான்னு ஒரு மரியாத."

"நான் போட்ட மூணுலயும் பவுடர் இருந்துச்சும்மா. அல்லா அறிய இருந்துச்சு." சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். "டாக்டரம்மா, நான் வலது பக்கம்னு சொன்னேனே, எந்தப் பக்கத்த விட்டீங்க?"

காலித் தட்டை முன்னால் இழுத்தார். மூன்று குழிகளைத் தொட்டுக் காட்டினார். அவருடைய இடது கைப் பக்கம்.

"அது இடதும்மா!"

"எனக்கு இடது. வாய்க்கு வலது. எதிர்ல உக்காந்திருக்கிற ஆளோட வலதுதாங்க எங்களுக்கு வலது. காலேஜ்ல சேந்த நாள்லேருந்து அப்படித்தான் எண்ணுறோம். இல்லன்னா தப்பான பல்லப் பிடுங்கிடுவோம்."

"தட்டுக்கு ஏதும்மா வலது? அது என்ன வாயத் தொறந்துகிட்டு உக்காந்திருக்கிற மனுசனா?"

"நீங்க சொல்றப்ப யாரோட வலதுன்னு சொல்லியிருக்கணும்!"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் அவங்கவங்க வலதுதான் வலது!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் தங்கராசு. "இந்த வலது இடது பஞ்சாயத்துல அந்தப் புள்ள கையே போயிருக்கும்." பிறகு, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது சரி பாய். அவங்க இடது மூணையும் விட்டாங்க. அப்ப நீ போட்ட வலது மூணு?"

நான் பவுடர் போட்ட மூன்று கேஸ்களிலும் அவர் மறுபடி போட்டிருக்கிறார். விளக்கடித்துப் பார்த்தபோது பவுடர் இருந்தது. இருக்காமல் என்ன செய்யும், இரண்டு மடங்கு இருந்தது.

தோட்டாக்களைப் பிரிக்க ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை வைத்துத் தரையில் தட்டினால் புல்லட்டும் பவுடரும் தனியே வந்துவிடும். மூன்றாவதாக டாக்டரம்மா சுட இருந்த தோட்டாவை முதலில் தட்டினேன். பவுடரைத் தாளில் கொட்டினேன். பார்த்ததுமே தெரிந்தது, இரட்டைப் படி. அடைத்த குழலுக்குள் அதுதான் போயிருக்கும்.

டாக்டரம்மா வலது கையை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டார். "இது போச்சுன்னா எனக்கு வேற என்னங்க தெரியும் பாய்?" என்றார். அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. அவ்வளவு பயம் நான் என் வாழ்நாளில் பட்டதில்லை.

5. மறுபடி மேசைக்கு

டாக்டரம்மா இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வந்தார். "கட்டிக் குடுங்க"வும் இல்லை, "கட்டட்டுமா"வும் இல்லை. தட்டை எடுத்து நடுவில் வைத்தார், விளக்கை மாட்டினார், உட்கார்ந்தார். கை நடுங்கியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "நடுங்கட்டும். வேல செஞ்சா நிக்கும்" என்றார். பன்னிரண்டு கேஸிலும் அவர் பார்த்தார், பிறகு நான் பார்த்தேன், பிறகு தங்கராசுவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டு, "கொட்டாவிதான், ஆனா சுத்தமான கொட்டாவி" என்றார்.

இன்று என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மூன்று சொல்லுவேன். பாதி வரிசையில் எழுந்து போகாதே. போக வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போ. பக்கம் சொல்லாதே, விரலால் தொட்டுக் காட்டு. அடுத்தவன் வேலையைச் சோதிக்காமல் விடும் மரியாதையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வா. வாப்பா போட்ட பவுடராக இருந்தாலும் விளக்கடித்துப் பார்.

போட்டிக்குப் பெரிய ரிவால்வர் பிரிவில் அந்தத் தடவை வழக்கமாக வரும் இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. மிச்சம் ஒருவரும் டாக்டரம்மாவும்தான். டாக்டரம்மா இரண்டாம் இடம். கடைசி இடமும் அதுவே. வெள்ளி மெடலைக் கழுத்திலிருந்து கழற்றி, "பாருங்க பாய்" என்று என் முன்னால் நீட்டினார். தங்கராசு பக்கத்தில் நின்று ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். நான் மெடலைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சும் இருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.