ரெண்டாங்குழாய்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘ரெண்டாங்குழாய்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாரும் இல்லை.

ரத்த வங்கியில் அவள்தான் மூத்த டெக்னீசியன். யாருக்காவது ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் வார்டிலிருந்து ஒரு சோதனைக் குழாயில் அவர் ரத்தம் வரும். வகையைக் கண்டுபிடித்த பிறகும் ரத்தப் பையைக் கொடுக்க மாட்டாள். வேறொரு நர்ஸ் போய், மறுபடி ஊசி குத்தி, இரண்டாவது குழாய் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பை. “அதான் இவங்களுக்குக் கல்யாணம் ஆகல. ரெண்டாவது மாப்பிள்ளையும் வந்து ஒத்துப்போகணும்ல?” என்று டாக்டர்கள் கிண்டலடிப்பார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள்.

வேண்டாத வீம்பென்று நினைக்க வேண்டாம். பல வருஷம் முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் கேட்டு வந்த குழாயில் வேறு யாரோ ஒருத்தியின் ரத்தம் இருந்தது. யாரோ பெயரை மாற்றி ஒட்டிவிட்டார்கள். இவள் செய்த சோதனை சரி. கொடுத்த பை அந்தக் குழாய்க்குப் பொருத்தம். செத்தது மட்டும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி. விசாரித்தவர்கள் இவள்மேல் தப்பில்லை என்றார்கள். அன்றைக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. அம்மா இறந்தபோதுகூட மின்சார அலுவலகத்தில் பில் கட்டிவிட்டு வந்ததுபோல எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு மறுவாரம் வேலைக்கு வந்தாள். மனசு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பார்த்தவர்கள் பொறுமைசாலி என்றார்கள். என்னத்தைச் சொல்ல!

அந்தச் சாவுக்குப் பிறகு ஒவ்வொரு டாக்டராகப் பிடித்து நச்சரித்து அவள் கொண்டுவந்ததுதான் இரண்டாவது குழாய் விதி. விதி வந்தால் குறுக்கு வழியும் கூடவே வரும், இல்லையா? சில நர்ஸுகள் ஒரே குத்தில் இரண்டு குழாய் எடுத்து, ஒன்றை உடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து ‘இப்பதான் எடுத்தது’ என்று அனுப்பினார்கள். அவர்களையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு வார்டுக்கே ஒருத்திதான். ஆனால் இவளிடம் அது பலிக்காது. வந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். புதிதாக எடுத்த ரத்தம் ஒரே சிவப்பாக இருக்கும். நேரம் கடந்ததில் சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தெளிந்திருக்கும். மஞ்சளைக் கண்டால் குழாய் குப்பைக்குப் போகும்.

ஒரு நாள் காலையில் அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுப் புண் வெடித்து ரத்த வாந்தி. ஆண்கள் வார்டில் போட்டார்கள். தம்பி மனைவி ரத்த வங்கி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, நீங்க இருக்கீங்கன்னுதான் இங்க கொண்டுவந்தேன்” என்றாள். அவளுக்கென்று இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். இத்தனை வருஷம் மரத்துக் கிடந்த மனசு அன்றைக்குப் பார்த்து விழித்துக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த தையற்காரர் ஒருவருக்கும் ரத்தம் கேட்டிருந்தார்கள். அவருடைய குழாய்தான் வரிசையில் முதலில் இருந்தது. அதை முடித்தால்தான் தம்பியின் குழாயைத் தொட முடியும். அவருடைய இரண்டாவது குழாய் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே சோதித்தாள். இரண்டிலும் பி வகை. பையைக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்தது தம்பியின் குழாய். ஏ என்று வந்தது.

அவன் ஏ இல்லை. படிக்கிற காலத்தில் இவளே அவன் விரலைக் குத்தி, அவன் ஊரைக் கூட்டி அலற அலறக் கண்டுபிடித்த வகை பி. தையற்காரரின் குழாய்களை இப்போது தூக்கிப் பார்த்தாள். இரண்டாவதிலும் மேலே மஞ்சள். ஒவ்வொருத்தருக்கும் ஒரே குத்தில் இரண்டிரண்டு குழாய் எடுத்து, மேஜையில் வைத்துப் பெயர் ஒட்டும்போது மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். தையற்காரர் பெயரில் இருப்பது தம்பியின் ரத்தம். அவருக்குப் போன பை அவரைக் கொல்லும்.

வார்டுக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஓடினாள்.

அவளைப் பார்த்ததும் தம்பி மனைவி எழுந்து வழி விட்டாள். வெளிறிக் கிடந்த தம்பி, “அக்கா” என்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போனாள். தையற்காரருக்கு ரத்தம் இறங்க ஆரம்பித்திருந்தது. ரத்தப் பையின் திருகை மூடி, அவர் கையிலிருந்த குழாயைக் கழற்றினாள். அவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா கழட்டுறே? என் பேருதானே போட்டிருக்கு” என்றார் அவர். அவள் பையைக் கையில் பிடித்தபடி டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்தார். உள்ளே போனது கொஞ்சம்தான் என்பதால் ஆள் தப்பினார். இரண்டு பேருக்கும் புதிதாகக் குத்தி எடுத்தார்கள். தம்பிக்கும் சரியான ரத்தம் ஏறியது, பிழைத்துக்கொண்டான். ஆனால் தம்பி மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், கூடப்பிறந்தவன் கை நீட்டியும் திரும்பிப் பார்க்காத கல்நெஞ்சுக்காரி என்று.

வீட்டுக்குப் போகிற அன்று தம்பி அதையே கேட்டான், சிரித்துக்கொண்டேதான். “யாரோ ஒருத்தருக்காக என்னை விட்டுட்டு ஓடினியே அக்கா. நான் அவ்வளவுதானா உனக்கு?”

அவள் அவன் மாத்திரைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“நீ படுத்திருக்கேன்னுதான்டா அவரோட குழாயைத் தூக்கிப் பார்க்காம விட்டேன்.”

தம்பியின் சிரிப்பு போய்விட்டது. மனைவி வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுவாரம் ரத்த வங்கிச் சுவரில், பழைய விதிக்குக் கீழே அவள் எழுதிய ஒரு வரி ஏறியது: சொந்தக்காரர் வார்டில் படுத்திருந்தால் சோதனை மேஜையை விட்டு எழுந்துவிடு. டாக்டர்கள் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே அடுத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கினாள். மனசு பழையபடி மரத்துவிட்டிருந்தது. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.