மண்ணுக்குப் போக வேண்டிய தண்ணீர்

"பாதியாய் மடியாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"பாதி, பிறகு அதிலை பாதி. அளவு சரியாய்த்தானே அம்மா வருது."

"அளவு வரும். சிலுவைதான் முறிஞ்சு போகும்."

ஆரபி துணியை மறுபடி விரித்தாள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் துணி. நடுவில் சிவப்பு நூலில் ஒரு சிறு சிலுவை. தாய் புஷ்பமலர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் செய்து காட்டினார். இந்தப் பக்கம் மூன்றாக, அந்தப் பக்கம் மூன்றாக. விரித்தால் ஒன்பது சதுரம், சிலுவை நடுச்சதுரத்தில் மடிப்புப் படாமல் இருக்கும். ஆரபி நோர்வேயின் மேற்குக் கரையில், ஸ்தவாங்கர் நகரில் கடலடிக் குழாய்களின் வால்வுகளைச் சோதிக்கும் பொறியாளர். அன்று எட்டுத் துணி மடித்ததில் மூன்றைத் தாய் பிரித்துத் திரும்ப மடித்தார்.

மார்ச் மாதத்து ஞாயிறு மாலை. ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடி வீடு. தாயும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அது கடைசி என்று இருவருக்கும் தெரியாது.

அந்தத் துணிகள் ஆங்கிலிக்கன் கோயிலுக்கு உரியவை. நற்கருணையின்போது ஆள் மாறி ஆள் குடிக்கும் கிண்ணத்தின் விளிம்பை அவற்றால்தான் துடைப்பார்கள். துணியில் திராட்சரசம் ஒட்டியிருக்கும். மந்திரித்த ரசம் சாக்கடைக்குப் போகக் கூடாது என்பது முறை. ஆகவே சவர்க்காரம் போடுமுன் துணியை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீர் மண்ணுக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தவர் புஷ்பமலர். ஓய்வு பெற்ற மறு ஞாயிறே கோயில் துணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவருடைய முறை. அலசிய தண்ணீரை அரை லீற்றர்ப் போத்தலில் அடைத்து, திகதி எழுதி ஒட்டி, அடுத்த ஞாயிறு நிலக்கீழ் ரயிலில் கொண்டுபோய்க் கோயிற் சுவரோரம் நிற்கும் லைலாக் புதரின் அடியில் ஊற்றுவார். பனிக்காலத்தில் ஊற்ற மாட்டார். "ஐஸிலை ஊத்தினால் வழுக்கிக்கொண்டு ரோட்டுச் சாக்கடைக்குத்தான் போகும். அதுக்கு எங்கடை சிங்கிலேயே ஊத்தலாமே" என்பார். மண் இளகும்வரை போத்தல்கள் சமையலறைச் சிங்கின் கீழே காத்திருக்கும்.

அந்த வருடம் போத்தல்களோடு அவரும் காத்திருந்தார்.

ஜனவரி எட்டாம் திகதி கட்டடத்தின் லிஃப்டைக் கழற்றினார்கள். நாற்பது வருடத்துப் பழைய லிஃப்ட், புதிது போட வேண்டும். ஈஸ்டருக்கு முன் முடியும் என்று கட்டடச் சங்கம் கடிதம் அனுப்பியது. புஷ்பமலருக்கு எழுபத்துமூன்று வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. கீழே நூற்று நாற்பத்துநான்கு படிகள். ஆரபி எண்ணினாள், எண்ணிவிட்டுத் தீர்ப்பும் சொன்னாள்.

"இறங்கிறது பிரச்சினை இல்லை. ஏறுறதுதான். ஆறாம் மாடியிலை நிண்டிட்டீங்கள் எண்டால் ஆர் தூக்குறது? ஹெய்ஸ் வரட்டும்."

லிஃப்டுக்கு அவள் ஹெய்ஸ் என்றே சொல்வாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை. தாய் மறுபேச்சுப் பேசவில்லை. பேசாதது சம்மதமில்லை என்று ஆரபிக்கு அப்போது விளங்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கோயிலில் புஷ்பமலருக்குத் துணியைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அவர் வாசலில் நிற்பவர்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து, சைவரான சற்குணத்தைக் கட்டி, எண்பத்தெட்டில் நோர்வேக்கு வந்தவர். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோ. ஒஸ்லோவுக்கு வந்த முதல் மார்கழியில் தனியாக அந்தக் கோயிலைத் தேடிப் போனார். வாசலில் ஓர் ஆங்கிலக் கிழவி நின்றாராம். எங்கிருந்து வருகிறாய், ஏன் வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் புஷ்பமலரிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்காத முதல் ஆள். ஜெபப் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைக் காட்டி, கையில் கொடுத்தார், அவ்வளவுதான். ஊர்க் கோயிலில் நடக்கும் அதே ஒழுங்கு. எங்கே எழும்புவது, எங்கே முழங்காலிடுவது என்று உடம்புக்குத் தெரிந்தது. எல்லாரும் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இவர் தமிழில் சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கிழவி போன பிறகு அந்த இடத்தில் புஷ்பமலர் நின்றார். பதினேழு வருடம். கானாக்காரர், இங்கிலாந்துக்காரர், நோர்வேக்காரர், புதிதாக வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கியவர் என்று யார் வந்தாலும் புத்தகத்தைத் திறந்து பக்கம் காட்டிக் கொடுப்பார். ஆராதனை முடிந்தால் கோப்பிக்கு நிறுத்திவைத்து, வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுப்பார். சற்குணம் உயிரோடு இருந்த காலத்தில் சரியாகக் கோப்பி நேரத்துக்கு வந்து சேருவார். "உங்கடை சாமி நல்லாய்க் கோப்பி போடுறார் பாரும்" என்று மனைவியைச் சீண்டுவார். "ரோல்ஸ் போட்டது நான்" என்பார் இவர்.

பத்து ஞாயிறாக அந்த வாசல் இல்லை. கோயிலுக்குப் போய்வரும் கரோலினாதான் துணிகளைக் கொண்டுவருவாள், கொண்டுபோவாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கணினி வேலை, பக்கத்துக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வீடு. படியேறி வந்து மூச்சிரைக்க உட்காருவாள்.

"ஆன்ட்டி, நீங்க இல்லாம சர்ச்சே சர்ச் மாதிரி இல்ல."

"அது சரி. இப்ப ஆர் பக்கம் காட்டிக் குடுக்கிறது?"

"மேசையில அடுக்கி வச்சிருக்கோம். அவங்கவங்க எடுத்துக்கறாங்க."

"அடுக்கி வைக்கவோ? இதென்ன கடையோ?"

அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஈஸ்டர் அண்டைக்கு நான் வாசல்லை நிக்கோணும்" என்றார். ஜனவரியிலிருந்து அவர் கேட்டது இந்த ஒன்றுதான்.

பெப்ரவரியில் ஆரபி வந்தபோது சிங்கின் கீழே மூன்று போத்தல் நின்றன. ஒன்றைத் திறந்து பார்த்தாள். புளித்த வினாகிரி வாசம், அடியில் நூல்போல ஏதோ மிதந்தது. தாய் குளிக்கப் போயிருந்த நேரம் மூன்றையும் சிங்கில் கவிழ்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி மூடி, திகதி முன்னால் தெரியும்படி அதே இடத்தில் வைத்தாள். பழுதான தண்ணீர், மாற்றியாயிற்று. தாயிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். ஸ்தவாங்கருக்கு விமானம் ஏறும்போதே மறந்தும் போனாள்.

மார்ச் மாதத்து அந்த ஞாயிறு, கடைசித் துணியையும் மடித்து அடுக்கிய பிறகு, புஷ்பமலர் கேட்டார்:

"உண்மையாய்ச் சொல்லு. நான் இறங்கட்டோ?"

"திரும்பி ஏற ஏலாது அம்மா."

"ஏறாமல் விட்டால்? கரோலினா வீட்டிலை நிக்கிறன். அந்தப் பிள்ளை எத்தினை தரம் கேட்டிட்டுது. ஹெய்ஸ் வந்தாப் பிறகு ஏறுறன்."

"ஈஸ்டருக்கு முதல் முடியும் எண்டு கடிதம் இருக்குதெல்லே. மூண்டு கிழமைதானே, பொறுங்கோ."

"கடிதம்" என்றார் புஷ்பமலர். பிறகு இஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுற்றிக் கட்டினார்.

அட்டவணையை நம்புவது ஆரபியின் தொழில். ஆனால் அவளுடைய தொழிலில் ஒவ்வோர் அட்டவணைக்கும் இரண்டாவது வழி ஒன்று எழுதி வைப்பார்கள். தாய் சொன்னது அந்த இரண்டாவது வழிதான். அதை அவள் குறித்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை புஷ்பமலருக்கு நெஞ்சு வலித்தது. கரோலினாவுக்கு அழைத்தார். அம்புலன்ஸ்காரர் இருவர் நாற்காலியில் வைத்துப் பட்டி போட்டுப் படிவழியே இறக்கினார்கள். பதினொரு நிமிடம் எடுத்தது என்று கரோலினா பிறகு சொன்னாள். ஆரபியின் விமானம் தரையிறங்குமுன் எல்லாம் முடிந்திருந்தது. நூற்று நாற்பத்துநான்கு படிகளும் இறங்கினார். ஏறவில்லை.

ஈஸ்டர் முடியும்வரை அடக்கத்துக்குக் காத்திருந்த நாட்களில் ஆரபி அந்த வீட்டில் தனியாக இருந்தாள். பால் வாங்க இறங்குவதும் ஏறுவதும். லிஃப்ட் வேலை இன்னும் இரண்டு கிழமை பிந்தும் என்று இரண்டாவது கடிதம் வந்தது. வாசித்தாள், மடித்தாள். மூன்றாக மடித்திருப்பதைப் பிறகுதான் கண்டாள்.

கோயில்காரர் சோற்றோடு படியேறி வந்தார்கள். கானாக்காரரான ஒரு பெரியவர் ஆறாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியில் அழைத்தார். "மகளே, நான் வந்துகொண்டுதான் இருக்கிறேன். இந்த வருடத்துக்குள் வந்துவிடுவேன்." ஆரபி கீழே போய்ச் சட்டியை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். அவர் அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று மடித்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். புத்தகங்கள் மேசையில் அடுக்கியிருந்தன. குடும்பம் ஒன்று உள்ளே வந்து, எடுப்பதா விடுவதா என்று தயங்கியது. ஆரபி ஒரு புத்தகத்தைத் தூக்கினாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் கையில் மூடிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். மூன்றாம் நாள் அதே கோயிலிலிருந்து தாயை அடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை லிஃப்ட் ஓடத் தொடங்கியது. உள்ளே கண்ணாடி, புது மணம். ஒன்பதாம் மாடிக்கு இருபத்தாறு வினாடி.

வீட்டைக் காலி செய்யச் சிங்கின் கீழே குனிந்தபோதுதான் போத்தல்களின் நினைவு வந்தது. ஐந்து நின்றன. எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். பின்பக்க இரண்டிலும் திகதி மட்டும். முன்னால் நின்ற மூன்றிலும் திகதியின் கீழே, தாயின் கையெழுத்தில், பிறகு சேர்த்து எழுதிய ஒரு சொல்: ஆரபி.

பெட்டி கட்ட வந்திருந்த கரோலினாவைக் கூப்பிட்டாள்.

"இது என்ன?"

கரோலினா பார்த்துவிட்டுக் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள்.

"நீங்க தண்ணிய மாத்துனது அன்னைக்கே ஆன்ட்டிக்குத் தெரியும். மூடியைத் திறந்தா வாசமே இல்லையாம். 'இருபத்திநாலு வருசம் துணி மணந்த மூக்குக்கு என்ரை மகள் குழாய்த் தண்ணி வைக்கிறாள்'னு சிரிச்சாங்க."

"பிறகு ஏன் ஊத்தேல்லை? வெறும் தண்ணிதானே."

"நானும் அதான் கேட்டேன். 'அவளுக்குப் பிழை எண்டு தெரிஞ்சுதானே திரும்ப நிரப்பி வச்சவள். அதுவும் மண்ணுக்குப் போகட்டும், நானே கொண்டுபோய் ஊத்துறன்'னாங்க."

ஆரபி கதிரையில் உட்கார்ந்தாள். பிழை என்று தெரிந்து அவள் நிரப்பவில்லை. சண்டைக்குப் பயந்துதான் நிரப்பினாள். திருத்திச் சொல்ல ஆளில்லை.

"நான் சர்ச்சுக்குப் போறப்ப ஊத்திடட்டுமா?" என்றாள் கரோலினா.

"வேண்டாம்."

ஐந்தையும் பையில் போட்டு லிஃப்டில் இறங்கி ரயில் ஏறினாள். கோயிலின் வடக்குச் சுவரில் வெயில் படுவதில்லை. லைலாக் புதரடியில் பனி உருகி, தேய்ந்த சாம்பல் நிற ஐஸ் ஒரு தட்டளவு மிஞ்சியிருந்தது. அதை விலக்கி, சட்டைப்பையிலிருந்த ஸ்குரூ ட்ரைவரை மண்ணில் குத்தினாள். ஒரு சென்டிமீட்டர் இறங்கி, கல்லில் குத்தியதுபோல நின்றது. ஊற்றினால் சரிவில் ஓடிச் சாக்கடைக்குத்தான் போகும்.

வேலையிடத்தில் விடுப்பை நீட்டினாள். காரணம் வீடு காலி செய்வது என்று எழுதினாள். வீடு காலியாகித்தான் இருந்தது. தரையில் ஒரு மெத்தை, தேநீருக்கு ஒரு கேத்தில், சிங்கின் கீழே ஐந்து போத்தல். கைப்பையில் போத்தலோடு விமானத்தில் ஏற விடமாட்டார்கள். ஊற்றாமல் அவளால் போக முடியாது.

புதன்கிழமை போய்க் குத்தினாள். ஒன்றரை சென்டிமீட்டர்.

வெள்ளிக்கிழமை இரண்டு. போத்தல்களைத் திரும்பவும் ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுவந்து, மண் இளகும்வரை நிற்கட்டும் என்று சிங்கின் கீழே, பெயர் முன்னால் தெரியும்படி வைத்தாள்.