கூரைப் பெயின்ட் அடித்த டிராக்டர்

வெளிநாட்டிலிருந்து பழைய டிராக்டர்களை இறக்கி, புதுப்பித்து, அவற்றைச் சேகரிப்பவர்களுக்கு விற்பது என் தொழில். பதுளையில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று என் மைத்துனர் இன்றைக்கும் கேட்கிறார். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக நான் சறுக்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

சவரிமுத்து ஐயா பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் டிராக்டரை ஓட்டியவர். அந்த வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதே மாடல் வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

"சாகுறதுக்குள்ள ஒரு தடவ அந்த சீட்டுல ஒக்காரணும் தம்பி. சின்னதுல அப்பா ஏத்தவே மாட்டாரு."

இங்கிலாந்தில் ஒரு பண்ணைக்காரரிடம் கிடைத்தது. சக்கரத்தில் வெளிநாட்டு மண் ஒட்டியிருந்தால் துறைமுகத்தில் தடுத்துவிடுவார்கள் என்பதால், அங்கேயே கழுவச் சொல்லிக் கப்பலேற்றினேன். சுங்கத்தில் கிளியர் பண்ணி லொறியில் பதுளைக்குக் கொண்டு வந்தபின் ஆறு மாத வேலை. பழைய பார்ட்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகச் சரிபார்த்தேன். யாரோ அடித்திருந்த சிவப்பைச் சுரண்டிவிட்டு, கம்பனி அடித்த அதே சாம்பல் நிறத்தை ஸ்ப்ரே பண்ணினேன். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

ஐயா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு வந்தார். வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். ஏறவில்லை.

"வேல சுத்தமா இருக்கு தம்பி. ஆனா இது எங்க வண்டி மாதிரி இல்ல."

நான் புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"எங்க வண்டி பச்ச. நாங்க வேதக்காரங்கதான், மாதா கோயிலுக்குப் போறவங்க, ஆனா தோட்டத்து அம்மன் தேர இழுத்தது அப்பாவோட டிராக்டர். வருஷா வருஷம் தேருக்கு முந்தின வாரம், பெக்டரி கூரைக்கு அடிச்சு மிச்சமான பெயின்ட கேட்டு வாங்கி, பிரஷ்ஷால அவரே அடிப்பாரு. மேனேஜர் தொரையும் கண்டுக்க மாட்டாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூரைப் பெயின்ட் அடிச்சா மதிப்பே போயிடுங்கய்யா. பழைய வண்டிக் கண்காட்சியில சேக்க மாட்டாங்க."

"நான் கண்காட்சிக்கு கேக்கலியே தம்பி."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அந்த சீட்டில் உட்காராமலே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவரை இருக்கச் சொல்லிவிட்டு, கடைவீதிக்குப் போய்ப் பச்சைக் கூரைப் பெயின்டும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கி வந்தேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன்.

என் ஸ்ப்ரே வேலையின் மேல் நானே மனமில்லாமல் பச்சையைப் பூசினேன். பொனட்டில் வழிந்ததைத் துடைக்கப் போனேன். ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத விடுங்க. அப்பா அடிச்சாலும் இப்படித்தான் வழியும்."

காயும்வரை அவர் பொறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். சட்டையெல்லாம் பச்சை.

"சட்டயப் பாருங்க" என்று அவர் மனைவி அதட்டினார். ஐயாவின் காதில் அது விழவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

மிச்சப் பெயின்டை, அடுத்த வருடத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். இப்போதெல்லாம் யார் வந்தாலும் பார்ட்ஸ் புத்தகத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன். முதல் கேள்வி, "ஒங்க வண்டி என்ன நெறத்துல இருந்துச்சுங்க?"