ஒன்பதாயிரமாவது வரி

ஏழுமலையின் வேலைக்கு உலை வைக்கவிருந்த மூன்றாவது மெமோவை அடித்துக் கொடுத்தது என் புரோகிராம். திரும்பி வந்த பீஸ் ஐம்பதைத் தாண்டினால், மிஷினில் நின்றவர் பெயரை அதுவே தேடியெடுத்து, "தங்கள் கவனக்குறைவால்" என்று தொடங்கும் கடிதத்தை அச்சடித்துவிடும். மூன்று மெமோ வாங்கினால் ஆளை அனுப்பிவிடுவார்கள். இதை எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

1. ஏ.சி. அறை

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின்களுக்கான பின்னும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. எட்டு லேத், ஒரு கம்ப்யூட்டர். ஆட்களெல்லாம் தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் நுழைய வேண்டும். கஸ்டமர் யாராவது வந்தால் முதலாளி லேத்தைக் காட்டமாட்டார், இதைத்தான் காட்டுவார். தப்பே வராது என்று அடித்துச் சொல்லுவார். அதை எப்படி ஆன் செய்வது என்றுகூட அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு வரும் டிராயிங்கில் பாதி இன்ச்சில் இருக்கும். லேத்தில் இருப்பதோ மில்லிமீட்டர். கொட்டேஷன், ஜாப் கார்டு, டெஸ்பாட்ச் சிலிப் என்று நான் பேசிக் மொழியில் எழுதிய ஒவ்வொரு புரோகிராமிலும் இன்ச்சை மாற்றும் கணக்கு தனித்தனியாக இருந்தது. ஒன்றில் 25.4 என்று இருக்கும். இன்னொன்றில், அவசரத்தில் அடித்தது, வெறும் 25. வெட்கமாகப் போய், அந்தக் கணக்கை மட்டும் தனித் துண்டாக எழுதி டிஸ்க்கில் வைத்தேன். எந்தப் புரோகிராம் ஓடினாலும் அந்தத் துண்டை இழுத்து 9000-ஆம் வரியில் ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று காதில் விழுந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அதுவரை லேத் ஓட்டும் டர்னர்கள் அவரவர் டூல் அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் இன்ச்-மில்லிமீட்டர் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். இனி ஜாப் கார்டில் வருவதுதான் அளவு என்று முதலாளி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். பருத்திப்பட்டிலிருந்து சைக்கிளில் வரும் ஏழுமலை, பன்னிரண்டு வருஷ டர்னர், கடைசி ஆளாக அழித்தார்.

2. ஒரே ஒரு புள்ளி

ஒருநாள் முதலாளி கொட்டேஷன் தாளோடு வந்தார்.

"இன்னாய்யா இது, பதினேழு புள்ளி நாலு ஆறு ரெண்டு அஞ்சு? பாக்கவே கண்ணு கட்டுது. புள்ளிக்கு அப்பால ஒரு நம்பர் போதும்."

அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் 9000-ஆம் வரிக்குப் போய், விடையைப் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கமாகச் சுருக்கிவிட்டேன். கொட்டேஷன் அழகாக வந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜாப் கார்டும் அதே வரியில்தான் தண்ணீர் குடிக்கிறது என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அடுத்த வாரம் ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, கார்டோடு உள்ளே வந்தார்.

"சார், இந்தப் பின்ன நான் எப்பவும் பதினேழு நாப்பத்தாறுலதான் ஓட்டுவேன். கார்டுல பதினேழரைன்னு கீது. ஒரு தபா பாரு சார்."

நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "கம்ப்யூட்டருக்கு உன்ன விட கணக்கு தெரியும் ஏழுமலை. கார்டுல இருக்கறத ஓட்டு" என்றேன். அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

3. மெமோ

திருமழிசைக் கஸ்டமரிடமிருந்து நானூறு பின்னும் அப்படியே திரும்பி வந்தன. ஒன்றுகூட ஓட்டைக்குள் போகவில்லை. ரிஜெக்ட் எண்ணிக்கையை ஏற்றியதும் பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று மூன்றாவது மெமோவில் ஏழுமலையின் பெயரை அடித்துத் தள்ளியது. ஒரு பின்னை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். அச்சு அசலாகப் பதினேழரை. மனிதர் நான் சொன்னதைத்தான் செய்திருந்தார்.

நல்லவன் வேஷம் போடப் போவதில்லை. முதலில் தோன்றியது, வரியைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்பதுதான். அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கம்பெனியில் நான் ஒருவன்தானே. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த எண்ணத்தோடு தயிர்சாதம் தின்றேன். கண்ணாடி வழியே பார்த்தால், ஏழுமலை டப்பாவைக்கூடத் திறக்காமல் பின்களைக் கொட்டி, ஒவ்வொன்றாக அளந்து, தன் தப்பு எது என்று தேடிக்கொண்டிருந்தார். என் டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன்.

மெமோவில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை அடித்தேன். காரணம் என்ற இடத்தில் "கம்ப்யூட்டர் புரோகிராம் தவறு" என்று போட்டேன். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடும் முதலாளி, என் கெட்ட நேரம், அன்றைக்குப் படித்தார். நடந்ததையெல்லாம், ஏழுமலை வந்து கேட்டது உட்பட, சொன்னேன்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிகிறேன். இத்த எவனாவது பாத்தா என் மானம் இன்னா ஆவறது?"

பேனாவை எடுத்து நான் போட்ட காரணத்தை அடித்துவிட்டு, "டர்னர் கேட்டபோது சரியான பதில் சொல்லாதது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிஷினின் மானத்தைக் காப்பாற்ற எழுதினார். உண்மையான காரணத்தைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. புள்ளியைச் சுருக்கும் வேலையைக் கொட்டேஷனுக்கு மட்டும் தனியாக எழுதினேன். பிறகு ஏழுமலையைக் கூப்பிட்டு, அழித்த பட்டியலைக் கம்ப்யூட்டர் அறைச் சுவரிலேயே எழுதச் சொன்னேன். செருப்போடு உள்ளே வந்தார். பென்சிலை நீட்டினேன். மனப்பாடமாக எழுதி முடித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"சார், இனிமே அந்த வரில கை வெக்கறதுக்கு மின்னாடி என்னாண்ட ஒரு வார்த்த சொல்லு."

பலருக்கும் பயன்படட்டும் என்று புரோகிராம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். அதை நான் கற்றுக்கொள்ள நானூறு பின் திரும்பி வர வேண்டியிருந்தது.