பட்டனக்காவின் ஆட்சேபணை

எங்கள் தையல் கூடத்தில் சட்டைக்குப் பட்டன் தைப்பவள் பட்டனக்கா. பிறந்ததிலிருந்தே அவளுக்கு நாக்கு புரளாது. ஒரு வார்த்தையை அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். மூளைக்கு ஒரு குறையும் கிடையாது. யார் என்ன கெடுதல் செய்தார்கள் என்பதை மறக்கவே மாட்டாள்.

அம்மா செத்துப்போனதும் அவளுடைய அண்ணன் கோர்ட்டுக்குப் போனான். இவளுக்கு எதையும் முடிவு செய்யத் தெரியாது என்று சொல்லி, சட்டப்படி அவளுக்குப் பாதுகாவலர் ஆனான். அப்போது அவளுக்கு முப்பது வயது. நீதிபதி கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். அதன்பிறகு எங்கே இருப்பது, எந்த டாக்டர், வேலைக்குப் போகலாமா என்று எல்லாவற்றிலும் அவன் வைத்ததுதான் சட்டம். முதலில் வேலையிலிருந்து நிறுத்தினான். பிறகு, வாரிவிட ஆளில்லை என்று இடுப்பு வரை இருந்த முடியை ஒட்ட வெட்டிவிட்டான். வருடக்கணக்கில் அலைந்து, ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, வேறொரு நீதிபதி முன்னால் தானே பேசி அந்த உத்தரவை ரத்து செய்ய வைத்தாள். வேலைக்குத் திரும்பினாள், முடியும் வளர்ந்தது, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அவன் நாசமாகப் போகட்டும் என்பாள். நானும் ஆமாம் போடுவேன்.

நாசமாகத்தான் போனான். பக்கவாதம் வந்து வாய் கோணி, பேச்சு குழறிப்போனது. அவன் மகன் பாதுகாவலர் ஆக மனுப் போட்டான். தங்கை என்பதால், ஆட்சேபணை உண்டா என்று பட்டனக்காவுக்கும் நோட்டீஸ் வந்தது. சும்மா இருந்தாலே பழி தீர்ந்துவிடும் என்றேன்.

"அவன் வாயால அவனே சொல்லணும்," என்றாள். "அத நான் பாக்கணும்."

விசாரணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். சக்கர நாற்காலியில் அண்ணன் இருந்தான். அவன் முறுக்கிக்கொண்டு திரிந்த மீசையைக் காணோம். ஊட்டும்போது சாப்பாடு ஒட்டுகிறது என்று மகன் மழித்துவிட்டானாம். நீதிபதி மகனிடம் பேச்சைத் தொடங்கியதும் பட்டனக்கா எழுந்து நின்று, நிதானமாக, அண்ணனையே கேட்கச் சொன்னாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க," என்று நீதிபதி கேட்டார்.

மகன் வாயைத் திறந்தான், நீதிபதி கையமர்த்தினார். கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் வழிய, அண்ணன் முக்கினான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பட்டனக்கா மட்டும் கண்கொட்டாமல் அவனையே பார்த்தாள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"மீ... சை," என்றான்.

பேங்க் வேலைக்கு மட்டும் மகன் உதவலாம், மற்றதை அவரையே கேட்க வேண்டும் என்று உத்தரவானது. வெளியே வந்ததும் அண்ணன் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவள் விலகிக்கொண்டு, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள்.

"இப்போ தெரியுதா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.